கீழே போகும் சாலை: பொள்ளாச்சி–வால்பாறை காட் ரோட்டின் கதை

பொள்ளாச்சி–வால்பாறை சாலையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் வந்து விழுவது 40 என்ற எண்தான். ஆழியாறைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கின்றன. ஒவ்வொன்றிலும் 1/40, 2/40 என்று பலகை நட்டிருக்கிறார்கள். பைக்கில் வருகிறவர்கள் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாநில நெடுஞ்சாலைப் பட்டியலில் இந்தச் சாலைக்கென்று தனியாக ஓர் எண் உண்டு. மலையில் அதைச் சொல்வார் இல்லை. எஸ்டேட்காரர்களுக்கு இது ‘காட் ரோடு’, அதாவது மலைச்சாலை. பொள்ளாச்சியோ கோவையோ, எங்கே போவதானாலும் ‘கீழே போறோம்’ என்பதுதான் பேச்சு.

ஏறக்குறைய 65 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையை வளைவுகளை எண்ணிப் புரிந்துகொள்ள முடியாது. எந்தக் காலத்தில் எதை மேலே ஏற்றியது, எதைக் கீழே இறக்கியது என்று பார்த்தால்தான் பிடிபடும். தோட்டப் பயிருக்காகப் போட்ட பாதை இது. பிறகு அணைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் சிமெண்டும் இயந்திரங்களும் சுமந்தது. இப்போது சுற்றுலாவைச் சுமக்கிறது. இடையில், மலையில் நான்கு தலைமுறை வாழ்ந்த மனிதர்களையும் சத்தமில்லாமல் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது. அதிகம் பேசப்படாதது இந்தக் கடைசிச் செய்திதான்.

ஏற்றம்

சமவெளிப் பகுதியில் சொல்வதற்கு அதிகமில்லை. பொள்ளாச்சியை விட்டால் தென்னந்தோப்புகள், அங்கலக்குறிச்சி, வேதாத்திரி மகரிஷி அமைத்த அறிவுத்திருக்கோயில், ஆழியாறு அணை. அதுவரை சாலை கிட்டத்தட்ட நேராகவே ஓடுகிறது. அணையை ஒட்டிய வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் காட்சி மாறுகிறது. இங்கே தொடங்குவது ஆனைமலைப் புலிகள் காப்பகம். 1976-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2007-இல் புலிகள் காப்பகமான காடு. சற்று மேலே குரங்கு அருவி. இப்போது அதற்குக் கவியருவி என்று பெயர்; பெயர் மாறினாலும் தின்பண்டப் பையைப் பறிக்கும் குரங்குகள் மாறவில்லை.

ஆழியாறு அணையின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,050 அடி. வால்பாறை ஏறக்குறைய 3,500 அடி. இடையில் உள்ள 2,450 அடியை, அதாவது சுமார் 750 மீட்டரை, மலையின் செங்குத்தான கிழக்கு முகத்தில் ஏற வேண்டும். பாரவண்டி இழுக்கும் மாடு மூச்சுத் திணறாமல் ஏற வேண்டுமென்றால் 20 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் உயர்வது என்ற அளவில் சாய்வு இருப்பது நல்லது. அந்தக் கணக்குப்படி 750 மீட்டர் உயர 15 கிலோமீட்டர் சாலை தேவை. ஆனால் மலை முகத்தில் அவ்வளவு நீளத்துக்கு இடம் கிடையாது. ஆகவே சாலையை மடித்து மடித்து அந்த முகத்திலேயே அடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மடிப்பும் ஒரு கொண்டை ஊசி வளைவு. இன்றைக்கு லாரியும் பேருந்தும் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் இந்த வடிவம் மாட்டு வண்டிக் காலத்துக் கணக்கின் மிச்சம்.

ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைச்சாலை விதியும் அங்கிருந்து வந்ததுதான் என்று தோன்றுகிறது. பாரத்தோடு ஏறும் வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. வார இறுதியில் சமவெளியிலிருந்து வரும் கார்க்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த விதி தெரியாது. அரசுப் பேருந்து ஓட்டுநர்களின் பொறுமைதான் பல இடங்களில் விபத்தைத் தவிர்க்கிறது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. பாதை அமைத்த பொறியாளரின் பெயர் என்பார்கள். கீழே ஆழியாறு நீர்த்தேக்கமும் அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளியும் தெரியும் இடம். பாறைச் சரிவுகளில் வரையாடு நிற்பதை இந்தப் பகுதியில் சாலையிலிருந்தே பார்க்கலாம். மாநில விலங்கைப் பார்க்க மற்ற இடங்களில் மைல் கணக்கில் நடக்க வேண்டும்; இங்கே அது தடுப்புச் சுவர்மேல் ஏறி நிற்கிறது. இது நல்ல செய்தி மட்டுமல்ல. வண்டிக்குப் பயப்படாத வரையாடு வண்டியில் அடிபடும் வாய்ப்புள்ள வரையாடு.

பிறகு அட்டகட்டி. இங்கிருந்து ஒரு கிளை காடம்பாறை நீர்மின் நிலையத்துக்குப் பிரிகிறது. அதைத் தாண்டினால் வாட்டர்பால்ஸ் எஸ்டேட், தேயிலை ஆரம்பம். கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கினால் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் போக முடியும். சாலை வால்பாறையைவிட உயரமான இடத்தைத் தொட்டுவிட்டு, ஐயர்பாடி, ரொட்டிக்கடை, புதுத்தோட்டம் என்று இறங்கி நகருக்குள் நுழைகிறது.

இன்னொன்றையும் இந்த ஏற்றத்தில் கவனிக்கலாம். ஆழியாறு பக்கம் மழைமறைவுப் பகுதி. புதர்க்காடும் மூங்கிலும் காய்ந்த பாறையும். மேலே ஏறி முகட்டைத் தாண்டினால் தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் பக்கம். அங்கிருக்கும் சின்னக்கல்லாறைத் தென்னகத்தின் சிரபுஞ்சி என்றே அழைக்கிறார்கள். ஜூலையில் ஆழியாறில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, இரண்டு மணி நேரத்தில் குடையும் ஸ்வெட்டரும் தேவைப்படும் இடத்துக்கு வந்துவிடுகிறோம்.

யாருக்காகப் போட்டார்கள்?

சாலைக்கு முன்பு இந்த மலையில் ஆளே இல்லை என்பதுபோல் சில சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. காடர், முதுவர், மலசர், மலைமலசர், இரவாளர், புலையர் ஆகிய ஆறு பழங்குடிச் சமூகங்கள் ஆனைமலையில் வாழ்கின்றன. தேன், ஏலம், மருந்துப் பட்டை எடுக்க அவர்கள் நடந்த தடங்கள் இருந்தன. அந்தத் தடங்களில் வண்டி போகாது, அவ்வளவுதான்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கே காப்பி பயிரிட முயன்றிருக்கிறார்கள். பெரிதாக நிலைக்கவில்லை. 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்து வந்த ஆண்டுகளில் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களையும் பிடித்தது. இங்கே காப்பி தடுமாறியதற்கு நோய் ஒரு காரணம். விளைந்ததைக் கீழே கொண்டுபோக ஒழுங்கான வழி இல்லாதது இன்னொரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

வழி பற்றி வால்பாறையில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1875–76-இல் இங்கிலாந்து இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு, இந்தியாவுக்கு வந்தார். ஆனைமலையில் வேட்டையாடுவது பயணத் திட்டத்தில் இருந்தது. அவருக்காகப் படைவீரர்களைக் கொண்டு மலைக்கு வழி வெட்டினார்கள், தங்குமிடம் கட்டினார்கள். கடைசியில் அவர் வரவில்லை என்பது கதை. வராததற்குக் காலரா பரவியதுதான் காரணம். வெட்டிய வழி எது, இன்றைய சாலை அதன் மேல் எவ்வளவு போகிறது என்பதெல்லாம் கதையில் இல்லை. வராத ராஜாவுக்காகப் போட்ட பாதை என்று சொல்லிக்கொள்வதில் ஊருக்கு ஒரு சுவை இருக்கிறது. ஆனால் வண்டிச்சாலையாக இதை நிலைக்க வைத்தது அரச குடும்பமல்ல, பணப்பயிர்தான்.

1890-களில் அரசிடமிருந்து பெரும் நிலப்பரப்பை வாங்கி வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் கார்வர் மார்ஷ் என்பவருக்குச் சாலையோரத்தில் சிலையே இருக்கிறது. ‘ஆனைமலையின் தந்தை’ என்று அவரைக் குறிப்பிடுவது தோட்டத்துறையின் வழக்கம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்த மலைக்கு 1890-களில் தந்தை பிறந்தார் என்றால் சிரிப்பு வராமல் இல்லை. தோட்டத்துறைக்கு அவர் தந்தை, அதில் தகராறில்லை.

தேயிலைக்கும் சாலைக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பறித்த பச்சை இலையை அன்றைக்கே வாட்டி உருட்டி ஆக வேண்டும், காத்திருந்தால் கெட்டுவிடும். ஆகவே ஆலை தோட்டத்திலேயே இருக்க வேண்டும். ஆலைக்கு இயந்திரம் கீழேயிருந்து வர வேண்டும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு அரிசி கீழேயிருந்து வர வேண்டும், ஏனென்றால் தோட்டத்தில் தேயிலையைத் தவிர வேறெதுவும் விளைவிக்க விட மாட்டார்கள். காய்ந்த தேயிலைப் பெட்டி எடை குறைவு, விலை அதிகம். ஆக, மேலே போகும் பாரம் கனம், கீழே வரும் பாரம் லேசு. துறைமுகத்தை நோக்கிய சாலை என்று இதைச் சொல்வார்கள். உண்மையில் இதன் முதல் வேலை அரிசி மூட்டையை மேலே ஏற்றுவது.

1915-இல் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது. அதன்பிறகு மலையின் வாசல் பொள்ளாச்சி என்பது உறுதியாகிவிட்டது. அதே மலைத்தொடரின் மற்ற செல்வங்கள் வேறு வழிகளில் இறங்கியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேக்கு மரங்களை டாப்சிலிப்பின் உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டார்கள். அந்த ஊரின் பெயரே அதிலிருந்துதான். கொச்சி சமஸ்தானம் தன் பங்குக் காட்டு மரங்களை இறக்கப் பரம்பிக்குளத்துக்கும் சாலக்குடிக்கும் இடையே டிராம் பாதை போட்டது. 1907-இலிருந்து 1963 வரை அது ஓடியது. டிராம் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள், டாப்சிலிப்பில் மரம் உருட்டுவது நின்று வெகுகாலம் ஆயிற்று. மரத்துக்குப் போட்ட வழிகள் மரத்தோடு போய்விட்டன. காட் ரோடு மட்டும் நின்றது. காரணம், அதன் மேல்முனையில் ஆட்கள் இருந்தார்கள்.

அந்த ஆட்கள் நடந்து வந்தவர்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திரட்டிக் கொண்டுவந்த குடும்பங்கள். பொள்ளாச்சி வரை எப்படியோ வந்து, அங்கிருந்து சாமான் மூட்டையோடு மலையேறினார்கள். குளிர், அட்டை, மலைக்காய்ச்சல். முன்பணக் கடன் தீரும்வரை கீழே போக முடியாது. போனாலும் கங்காணி விட மாட்டான். சாலை இருந்தது, ஆனால் தொழிலாளிக்கு அது பெரும்பாலும் ஒருவழிப் பாதை.

அணைக் காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு சாலைக்கு இரண்டாவது வேலை வந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். மேற்கே கேரளத்துக்குள் ஓடிய ஆறுகளின் நீரைச் சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்பி, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். இரு மாநில ஒப்பந்தம் 1970 மே 29-இல் கையெழுத்தானது. 1958 நவம்பரிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. வேலை முதலில், தாள் பிறகு என்ற அந்தக் காலத்து வேகத்தை இன்று நினைத்துப் பார்க்க முடியாது. அந்த ஒப்பந்தத்தின் சில பிரிவுகள் குறித்து இரு மாநிலங்களும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன என்பது வேறு கதை.

சோலையாறு, நீராறு, மேல் ஆழியாறு அணைகளும் அவற்றை ஒட்டிய மின் நிலையங்களும் இந்த மலைமேல் அமைந்தவை. காடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள நிலையம் நிலத்தடியில் இருக்கிறது. மின்சாரம் மிச்சப்படும் நேரத்தில் நீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இந்தச் சாலையே பகலெல்லாம் செய்யும் ஏற்ற இறக்கத்தைத் தண்ணீரும் செய்கிறது. பொறியாளர்கள், மின்வாரிய ஊழியர்கள், பொதுப்பணித் துறை ஆட்கள் என எஸ்டேட்டைச் சாராத ஒரு கூட்டம் மலையில் குடியேறியது அப்போதுதான். அதோடு வால்பாறை தோட்டங்களுக்கு நடுவிலிருந்த கடைத்தெருவாக மட்டும் இல்லாமல் நகரமாகத் தொடங்கியது.

ஆட்கள் இறங்கிய கதை

மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் இந்தச் சாலையின் அண்மைக்கால வரலாறு தெரிந்துவிடும். வால்பாறை நகராட்சியில் 2001-இல் ஏறக்குறைய 95 ஆயிரம் பேர். 2011-இல் ஏறக்குறைய 71 ஆயிரம் பேர். தமிழ்நாட்டின் நகரங்கள் ஊதிப் பெருத்த அதே பத்தாண்டில் இங்கே நான்கில் ஒருவர் குறைந்துபோனார்.

போனவர்கள் பெரும்பாலும் திருப்பூருக்கும் கோவைக்கும் போனார்கள். தேயிலை விலை சரிந்த காலம் அது. பின்னலாடை ஆலையில் ஓவர்டைம் பார்த்தால் கிடைக்கும் பணம் தோட்டத்தில் கிடைக்காது. அதைவிட முக்கியமானது வீடு. தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் கூரை. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். நான்கு தலைமுறையாக இருந்தும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பம் எங்கே வீடு கட்டும்? கீழேதான். பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கீழே அனுப்பினார்கள். பிள்ளைகள் அங்கே வேலை பார்த்துப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டார்கள். இன்று இலை பறிக்கிறவர்களில் பலர் அசாம், ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். கங்காணி போய் ஏஜெண்ட் வந்திருக்கிறார். சாலை அதேதான்.

இருக்கிறவர்களுக்கு இந்தச் சாலை மருத்துவமனைக்குப் போகும் வழி. அவசர நோயாளியைப் பொள்ளாச்சிக்கு அனுப்பு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், 40 வளைவுகளும் அப்போது வேறு அர்த்தம் பெறுகின்றன. பிரசவ வலியோடு ஆம்புலன்சில் இந்தச் சாலையில் இறங்கியவர்கள் இல்லாத எஸ்டேட் இருக்காது.

குறுக்கே கடப்பவை

வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட காடு, நடுவில் தேயிலை, தேயிலைக்குள் தீவுகளைப்போல் ஏறக்குறைய 40 மழைக்காட்டுத் துண்டுகள். யானைக் கூட்டங்கள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக இந்தப் பீடபூமியைக் கடந்தாக வேண்டும், சாலையையும்.

புதுத்தோட்டத்தில் இது கண்முன் தெரிகிறது. அங்கேயுள்ள காட்டுத் துண்டில் சோலைமந்திகள் கூட்டமாக வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு. மரம்விட்டு மரம் தாவி வாழ வேண்டியது, சாலை மேலே கிளைகள் அறுபட்டுப்போனதால் தரையிறங்கி நடக்கிறது, வண்டியில் அடிபடுகிறது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆராய்ச்சியாளர்கள் இங்கே சாலைக்குக் குறுக்கே, உயரத்தில், மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலங்கள் கட்டினார்கள். வண்டிகளை மெதுவாக்கவும், தின்பண்டம் வீச வேண்டாமென்று சொல்லவும் உள்ளூர் ஆட்களைக் காவலுக்கு நிறுத்தினார்கள். இரண்டில் அதிகம் வேலை செய்தது எது என்று கேட்டால், கைகாட்டி நிற்கும் ஆள் என்றுதான் சொல்வேன். குரங்கு பாலத்தைக் கற்றுக்கொள்கிறது. கார்க்காரருக்குத்தான் ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யானைகளுக்கு அதே அமைப்பு வேறு வழி கண்டது. யானை எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தியிலும் உள்ளூர் கேபிள் டிவியின் அடிவரியிலும் தெரிவிப்பது, கைப்பேசி அழைப்பில் எரியும் சிவப்பு விளக்குகளை முக்கிய இடங்களில் நடுவது. அந்த வேலைக்காக அமைப்பின் ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. எஸ்டேட் பேருந்தில் கடைசி வண்டிக்கு வருகிறவருக்கு இறங்கலாமா வேண்டாமா என்று அந்த விளக்கு சொல்கிறது. ஆனால் சுற்றுலாப் பயணிக்கு அந்தச் செய்தி போவதில்லை. 2025 பிப்ரவரியில் டைகர் வேலி அருகே சாலையில் நின்ற யானையைத் தாண்டிப் போக முயன்ற வெளிநாட்டு பைக் பயணி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். மற்ற வண்டிகள் காத்திருந்தன.

இந்தச் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தடுப்புச் சுவர், வடிகால், சரிவில் மண் பிடிமானம் ஆகியவற்றுக்குச் செலவழிக்கட்டும். அகலமான சாலையில் வேகம் கூடும். வேகம் கூடினால் வரையாடும் சோலைமந்தியும் மட்டுமல்ல, மூடுபனியில் எதிரே வருபவரும் சேர்ந்தே சாவார்கள். 2025 நவம்பர் 1-லிருந்து வால்பாறைக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு, ஊட்டி, கொடைக்கானலைப்போல, நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் கட்டாயமாயிற்று. எத்தனை வண்டி வருகிறது என்ற கணக்காவது இனி கையில் இருக்கும்.

சாலை வால்பாறையோடு முடிவதில்லை. சோலையாறு அணை வழியாகக் கேரள எல்லையிலுள்ள மளுக்கப்பாறைக்குப் போய், அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் அடர்காட்டுக்குள் நுழைந்து, வாழச்சால், அதிரப்பள்ளி கடந்து சாலக்குடியில் இறங்குகிறது. வால்பாறையிலிருந்து சாலக்குடிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். அழகில் காட் ரோட்டைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஆனால் மழைக்காலத்தில் ஆழியாறு பக்கம் மண் சரிந்து வழி அடைபட்டால், பேருந்தும் லாரியும் போகக்கூடிய வேறு சாலை வால்பாறைக்கு இது ஒன்றுதான். அதிலும் மரம் விழும், மண் சரியும். யானைகளுக்காக மாலையில் இருபுறமும் கேட்டை மூடி, சுற்றுலா வாகனங்களைக் காலையில்தான் விடுகிறார்கள்.